நாத்தனார் கவிதை

மார்ச் 4, செவ்வாய்

காலை முழுக்க நெஞ்சுப் படங்கள்தான். ஊரெல்லாம் இருமல். மார்பைப் பலகையில் ஒட்டி நில்லுங்க, தாடையை மேலே வைங்க, தோளை முன்னால தள்ளுங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க — இதையே சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மதியம் எக்ஸ்ரே அறை காலியாகக் கிடந்த நேரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன். திருத்தி இங்கே:

மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்கிறேன்.
பிடிக்கிறார்கள்.
யார் நீ, எதற்கு என்று
ஒருவரும் கேட்பதில்லை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
விடலாம் என்று நான் சொல்லும் வரை
மார்பு உயர்ந்தபடியே இருக்கிறது.
சொல்ல மறந்துபோனால்?

கடைசி வரி வேண்டுமா? அடித்தேன். மறுபடி எழுதினேன். இருக்கட்டும்.

முன்பின் தெரியாத ஒருத்தி சொல்கிறாள் என்று ஒரு மனுஷன் மூச்சையே நிறுத்துகிறானே, அந்த நம்பிக்கை. அதைத்தான் எழுதினேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 8, சனி

நூலகத்தில் வாசகர் வட்டம். ஒரு வருஷமாகப் போகிறேன், மற்றவர்கள் எழுதியதைக் கேட்க மட்டும். இன்றைக்கு என்ன துணிச்சலோ, என்னுடையதை வாசித்துவிட்டேன். நாலாவது வரியில் குரல் காலை வாரிவிட்டது. எப்படியோ முடித்தேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் பேசி முடிக்கிற வரை எழுதினவர் வாயைத் திறக்கக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வக்கீல் ஆரம்பித்தார். "இது அப்பட்டமா அரசாங்கத்தைப் பத்தினது. ஜனங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. உத்தரவு போடறவன் கண்ணாடிக்குப் பின்னால பத்திரமா இருக்கான்."

மருந்துக்கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "கண்ணாடிக்குப் பின்னால இருக்கறது ஆண்டவன் சார். ஆனா கடைசி வரி எனக்குப் பிடிக்கலை. அவர் எதையும் மறக்கறவர் இல்லை."

கல்லூரி மாணவி ஒருத்தி புதிதாக வந்திருந்தாள். "எனக்கு மெசேஜுக்குக் காத்திருக்கற மாதிரி இருந்துச்சு" என்றாள். "ரெண்டு டிக் விழுந்துடும். பதில் வராது." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், யார் அவனோ.

"இப்ப நீங்க சொல்லுங்க" என்றார் நூலகர் அம்மா.

"எக்ஸ்ரே" என்றேன்.

"என்னது?"

"நான் எக்ஸ்ரே எடுக்கறவ. தினமும் இதைத்தான் சொல்றேன்."

வக்கீல் பெரிய மனது பண்ணி, "அப்படியும் வெச்சுக்கலாம்" என்றார்.

அப்படியும் வெச்சுக்கலாமாம்!

மார்ச் 9, ஞாயிறு

நம்பிக்கை என்ற சொல் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. இது ஏன் எனக்கு இவ்வளவு உறுத்துகிறது?

மார்ச் 20, வியாழன்

வட்டம் நடத்தும் சின்ன இதழில் கவிதை அச்சாகிவிட்டது. நூலகர் அம்மா இரண்டு பிரதி கொடுத்தார். ஒன்றை வீட்டில் சாப்பாட்டு மேசை மேல், யாரோ தற்செயலாக வைத்த மாதிரி வைத்தேன். நடிப்பு எனக்கு வராது.

இந்த வீடு அண்ணனுடையது. கல்யாணம் வேண்டாம் என்று நான் முடிவாகச் சொன்ன வருஷம், "சரி, மாடி ரூமை எடுத்துக்கோ" என்றான். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அந்த விஷயத்தில் தங்கமான மனுஷன். தண்ணீர் மோட்டார் கடை வைத்திருக்கிறான். அச்சடித்த காகிதம் என்றால் அவனுக்கு விலைப்பட்டியல்தான். என் இதழைத் தள்ளிவைத்துவிட்டுத் தட்டை எடுத்து வைத்தான்.

குட்டி, அவன் மகள், ஏழாம் வகுப்பு. படித்துவிட்டு, "அத்தை, இதுல எதுகை, மோனை ஒண்ணுமே இல்லையே" என்றாள். மார்க் போட்டிருந்தால் சைபர்தான்.

அண்ணி அடுப்படியில் நின்றபடியே படித்தார். அடுப்பை அணைத்தார். மறுபடி படித்தார்.

"நல்லாயிருக்கும்மா."

அவ்வளவுதான். அப்புறம் அடுப்பைப் பற்றவைக்க மறந்து, சோறு அரைவேக்காடாகிவிட்டது.

மார்ச் 24, திங்கள்

பெரிய டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் அந்த இதழ். யார் கொண்டுவந்து கொடுத்தார்களோ! கடைசி வரியின் கீழே சிவப்பு மையில் கோடு.

"இது எப்ப நடந்துச்சு?"

"எது சார்?"

"மறந்தது."

"ஒருநாளும் மறந்ததில்லை சார். இது கவிதை."

"கவிதை சரிம்மா. நோயாளிங்க படிச்சா என்ன நினைப்பாங்க?" கொஞ்சம் யோசித்தார். "'சொல்ல மறக்கவே மாட்டேன்'னு முடிச்சிருந்தா நம்பிக்கையா இருந்திருக்கும்ல?"

கடைசியில் நம்பிக்கை என்ற சொல்லைச் சொல்ல ஒரு வாசகர் கிடைத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

வேலை முடிந்து வந்தால் அண்ணி வீட்டில் இல்லை. குட்டி தானே ரொட்டியில் ஜாம் தடவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா ஷூ போட்டுக்கிட்டுப் போனாங்க" என்றாள், பெரிய செய்தி சொல்கிற மாதிரி. பெரிய செய்திதான். அண்ணிக்கு ஷூ இருப்பதே எனக்குத் தெரியாது.

இருட்டுவதற்குள் வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார், டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிருந்தாராம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கேதான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருந்தார். குட்டி வயிற்றில் இருந்தபோது நின்றது. குழந்தை பள்ளிக்கூடம் போகட்டும் என்றான் அண்ணன். போனாள். அப்பாவுக்கு உடம்பு சரியாகட்டும் என்றான். அப்பா போய்ச் சேர்ந்தார். வீடு கட்டும் வேலை முடியட்டும் என்றான். மாடி கட்டி, அதில் நானும் குடிவந்தாயிற்று.

"அதே முதலாளியம்மாதான் இன்னும் இருக்காங்க. பொம்பளைங்க நிறைய பேர் கத்துக்க வர்றாங்களாம், ஆள் இல்லையாம். எப்ப வர்றேன்னு கேட்டாங்க." என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் கவிதையைப் படிச்சதுலேருந்து எனக்கு மனசு ஒரு நிலையில இல்லை. எனக்காகத்தானே எழுதினே? வாயால சொன்னா உங்க அண்ணனுக்கு எதிரா பேசின மாதிரி ஆயிடும்னு, இப்படிச் சொல்லிட்டே."

வாயைத் திறந்தேன். எக்ஸ்ரே என்று சொல்லத்தான் திறந்தேன்.

"காபி போடட்டுமா அண்ணி?" என்று கேட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

சொல்லிவிட வேண்டும். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தேன், அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதத் தோன்றவில்லை — அதைச் சொல்வதா? அதுதான் உண்மை. சொல்லாமல் விட்டால் செய்யாததற்குப் பாராட்டு வாங்கின மாதிரி. சொன்னால் அந்த ஷூ திரும்ப அலமாரிக்குள் போய்விடுமோ?

நாளைக்குப் பார்க்கலாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன், இன்று வசமாக மாட்டிக்கொண்டேன்.

மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அண்ணி எந்த முன்னுரையும் இல்லாமல், "அடுத்த மாசத்துலேருந்து நான் வேலைக்குப் போறேன்" என்றார்.

அண்ணன் சிரித்தான். "கொஞ்சம் பொறு. குட்டி பத்தாவது முடிக்கட்டும்."

"பொறுத்தாச்சு."

"யார் சொல்லிக் குடுத்தது இதெல்லாம்?"

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. குட்டிதான், நல்ல பிள்ளையாக, "அத்தை கவிதை எழுதினாங்கல்ல, அதுலேருந்துதான்" என்றாள்.

அண்ணன் தட்டை நகர்த்தினான். "நாத்தனார் கொடுமைன்னு கேள்விப்பட்டிருக்கேன். நாத்தனார் கவிதைன்னு இப்பத்தான் கேள்விப்படறேன்." வேறொரு நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். "என்ன எழுதினே நீ? என் பொண்டாட்டியைப் பத்தி ஊருக்கெல்லாம் அச்சடிச்சுக் குடுத்தியா?"

"இல்லைண்ணா. அது எக்ஸ்ரே ரூமைப் பத்தினது."

"கேட்டியா?" என்று அண்ணியிடம் திரும்பினான். "அவளே சொல்லிட்டா. உன்னைப் பத்தி இல்லையாம்."

எனக்குத் தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. அண்ணி என்னை நேராகப் பார்த்தார்.

"நிஜமாவா?"

"எழுதும்போது உங்களை நினைக்கலை அண்ணி. பொய் சொல்ல எனக்கு மனசு வரலை."

அண்ணி குட்டியின் தட்டில் சோறு போட்டார். தனக்கும் போட்டுக்கொண்டார்.

"நீ நினைக்காட்டி என்ன, எனக்கு அப்படித்தான் இருந்துச்சு" என்றார். "மே மாசத்துலேருந்து வர்றேன்னு அந்தம்மாகிட்ட சொல்லியாச்சு."

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான்.

ஏப்ரல் 7, திங்கள்

அண்ணன் யாருடனும் பேசவில்லை. வீட்டில் டிவி மட்டும் பேசுகிறது.

ஏப்ரல் 12, சனி

வட்டத்துக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஓர் அறை வாடகைக்கு இருக்கிறதென்று நர்ஸ் ஒருத்தி சொன்னாள், போய்ப் பார்த்தேன். ஜன்னல் சின்னது, குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது. பிடித்த மாதிரியும் இருந்தது, பிடிக்காத மாதிரியும் இருந்தது.

அண்ணியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"எதுக்கு?"

"என்னாலதானே அண்ணி இவ்வளவும்."

"உன்னாலயா?" அண்ணிக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. "நீ போயிட்டா, நீ மூட்டிவிட்டு நான் ஆடினேன்னு ஆயிடும். ஓட்டத் தெரிஞ்சவ நான். போய்க் கேட்டவ நான். அதையும் நீயே எடுத்துக்காதே. பேசாம மாடியில இரு."

மாடியில் இருக்கிறேன்.

உறைத்தது, உண்மையாகவே. எல்லோரும் என் கவிதையைத் தப்பாகப் படிக்கிறார்கள் என்று ஒரு மாதமாக முனகிக்கொண்டிருக்கிறேன். அண்ணியை நான் எப்படிப் படித்து வைத்திருந்தேன்?

ஏப்ரல் 17, வியாழன்

மாலையில் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் படியேறி வந்தான். கையில் இதழ். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தான், அப்படியென்றால் படித்திருக்கிறான்.

"இதுல 'நான்'னு ஒரு ஆள் வருதே" என்றான். "அது யாரு?"

"நான்தான் அண்ணா. எக்ஸ்ரே எடுக்கறவ."

"நீ எழுதினதுல நீ. சரி." சிமெண்ட் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான். "அவ படிச்சதுல?"

கொடியிலிருந்து ஒரு சட்டையை உருவினேன். அவனே மேலே பேசினான்.

"நான் ஒண்ணும் வேணும்னு பண்ணலை. குட்டி ஸ்கூலுக்குப் போகட்டும்னு நல்லதுக்குத்தான் சொன்னேன். அப்பாவுக்கு முடியாமப் போச்சு, அதுவும் நிஜம். அப்புறம்..."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கு ஞாபகமே இல்லை. அவ கேக்கறதை நிறுத்திட்டா. கேக்கலைன்னா வேண்டாம்னுதானே நினைப்போம்? சத்தியமா மறந்தே போச்சு."

அவன் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் ஒரு போர்வையின் இரண்டு முனையை அவனிடம் நீட்டினேன். எழுந்து பிடித்துக்கொண்டான். இரண்டு பேருமாக மடித்தோம். சின்ன வயதில் அம்மா எங்களை இப்படி நிற்கவைத்து மடிக்கச் சொல்வாள், அவன் இழுத்து இழுத்து என்னைத் தள்ளாட வைப்பான். இன்றைக்கு இழுக்கவில்லை.

இறங்கும்போது, "எதுக்கும் அடுத்த தடவை எழுதினா என்கிட்ட முதல்ல காட்டு" என்றான்.

"காட்ட மாட்டேன்."

"சரி போ."

ஏப்ரல் 18, வெள்ளி

கீழே அவர்கள் இரண்டு பேரும் சாயங்காலம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தமாகவும் இருந்தது, சத்தமே இல்லாமலும் இருந்தது. அண்ணி அழுதாரா என்று தெரியவில்லை. நானும் குட்டியும் மாடியில் சீட்டு விளையாடினோம். அவள் ஏமாற்றினாள். விட்டுவிட்டேன்.

மே 5, திங்கள்

அண்ணி இன்று வேலைக்குப் போனார். எட்டு மணி வகுப்புக்கு ஆறு மணிக்கே தயார்.

மே 10, சனி

வட்டத்தில் புதிதாக ஒன்று வாசித்தேன், கழற்றி மேசை மேல் வைத்த நகைகளைப் பற்றி. வக்கீல் வரதட்சணை என்றார். மருந்துக்கடைக்காரர் துறவு என்றார். மாணவி, "இனிமே எனக்கு யாரும் வேண்டாம்கற மாதிரி தைரியமா இருக்கு" என்றாள். அவளுக்கு முகம் தெளிந்திருக்கிறது. படம் எடுக்கும்போது உலோகம் கூடாது, அதனால் கழற்றச் சொல்வோம் என்று நாக்கு நுனி வரை வந்தது.

என் முறை வந்தபோது, "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை. அவங்க சொன்னதையெல்லாம் இன்னொரு தடவை கேக்கலாமா?" என்றேன். வக்கீலுக்கு வாயெல்லாம் பல்.

ஜூன் 11, புதன்

காலையில் நல்ல மழை. பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். டிரைவிங் ஸ்கூல் கார் நத்தை மாதிரி வந்தது. ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் வயது அம்மாள் ஒருத்தி, பக்கத்தில் அண்ணி. கையைத் தூக்கினேன். அண்ணி பார்க்கவில்லை. கண் ரோட்டில் இருந்தது, வாய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். அண்ணி கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, பொறுங்கள் என்று காட்டினார். அந்த அம்மாள் ஆற அமரக் காரைக் கிளப்பினாள். போனார்கள்.

இப்போதெல்லாம் காலைச் சமையல் அண்ணனுடையது. அண்ணிக்கும் எனக்கும் டிபன் பாக்ஸ் கட்டி, மூடியில் யாருடையது என்று கடை ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறான். இன்றைக்குக் காயில் உப்பு சுத்தமாக இல்லை. பசியில் சாப்பிட்டுவிட்டேன்.

சாயங்காலம் அண்ணன் கடையிலிருந்து வந்ததும், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

"நல்லா இருந்துச்சுண்ணா" என்றேன்.

அண்ணி காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"உப்பே இல்லை" என்றார்.

"அப்படியா? நாளைக்குப் போட்டுடறேன்" என்றான்.