அவர் தேடிய வரிசைகள்

ஏப்ரல் 8

மாடி வீட்டு அக்கா இன்று மறுபடியும் கேட்டாள். "ராணுவம் அங்கேருந்து போயி இத்தனை வருஷமாச்சு. இன்னும் என்னத்தத் தேடுறீங்க ரெண்டு பேரும்?"

அவர்கள் சுட்டுப் பழகிய குண்டுகளில் வெடிக்காதவை மண்ணுக்குள்ளேயே கிடக்கின்றன, போகிறவர்கள் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகவில்லை என்றேன். "புருஷனும் பொண்டாட்டியும் சேந்து செய்யிற வேலையா இது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வேறு எந்த வேலையில் கணவன் எந்த நேரம் எங்கே இருக்கிறான் என்று மனைவிக்கு இவ்வளவு சரியாகத் தெரியும்? கயிறு கட்டிப் பிரித்த நிலத்தில், அவர் என் வரிசைக்கு இருபத்தைந்து மீட்டர் தள்ளி, அடுத்த வரிசையில், மண்டியிட்டு இருப்பார்.

இன்று உலோகம் தேடும் கருவி எனக்குக் காட்டியது ஒரு லாடம், முள்கம்பி, தோட்டா உறைகள். ஜூன் முடிவில் நிலத்தை ஒப்படைக்க வேண்டும். அந்தப் பக்கம் வீடுகள் வருகின்றன. நாங்கள் தேடும் பகுதி, பிள்ளைகள் விளையாட.

ஏப்ரல் 13

சின்னவளுக்குக் காய்ச்சல். அவர் அவளை மடியில் போட்டு, அக்குளில் காய்ச்சல்மானியை வைத்துவிட்டு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். அது கீச் கீச்சென்று அடித்தது. அவர் கதையை நிறுத்தவில்லை. நான் சமையலறையிலிருந்து "எடுங்க, அடிச்சிடுச்சு" என்றேன்.

"எங்க அடிச்சுது?"

"அப்பா, அது அப்பவே கத்திடுச்சு" என்று சின்னவள் அந்தக் காய்ச்சலிலும் சிரித்தாள். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். நூற்றொன்று. மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தோம்.

இப்போது எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வரவில்லை. எனக்குக் குழாய்த் தண்ணீர் ஓடும்போதே கேட்டது. அவருக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஏப்ரல் 15

எல்லா வீட்டிலும் பெண்கள் சொல்வதுதான்: நான் பேசுவது எதுவும் இந்த மனுஷன் காதில் விழாது. நானும் சொல்லியிருக்கிறேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்றுகூடத் திட்டியிருக்கிறேன். திட்டுவதற்காகச் சொன்னது அது. இப்படி ஒன்று உண்மையாகவே இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

ஏப்ரல் 16

என் கருவியின் மின்கலம் தீர்ந்துவிட்டது. அவர் ஓய்வுக் கொட்டகையில் இருந்ததால் அவருடையதை எடுத்து, அதன் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டினேன். தலை தெறித்துவிட்டது. ஒலியைக் கடைசி வரை திருகி வைத்திருக்கிறார்.

திருகி என்ன பிரயோசனம்? மேலாகக் கிடக்கும் ஆணிதான் உரக்கக் கத்தும். ஆழத்தில் கிடக்கும் குண்டுக்கு ஒலி மெல்லிசாக, கொசு மாதிரிதான் வரும். கொசு அவருக்குக் கேட்குமா?

காலையில் எல்லோரும் கருவியைச் சோதித்துப் பார்க்கிற இரும்புத் துண்டை எப்போதும் ஒரே இடத்தில்தான் புதைத்து வைத்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டலாம். மருத்துவச் சோதனையில் முதுகுக்குப் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் அவர் திரும்புவார். ஆள் பேச்சு கேட்கிறதே.

அவருக்கே தெரியுமா? தெரியாமலா அவ்வளவு திருகினார்?

ஏப்ரல் 17

இன்று முழுதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் போலத்தான். கருவியை இடமும் வலமும் வீசுகிறார், நிற்கிறார், மண்டியிடுகிறார், பக்கவாட்டில் தோண்டுகிறார். ஒரு குறை சொல்ல முடியாது. நிற்காமல் கடந்துபோன இடங்களைத்தான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் வரிசையில் இன்று வழக்கத்தைவிட நிறைய முடிந்தது. எதற்கெடுத்தாலும் "பொறுமை, பொறுமை" என்பதால் எங்கள் மேற்பார்வையாளருக்குப் பொறுமை சார் என்றே பெயர். அவரே "பரவால்லையே" என்றார்.

ஏப்ரல் 19

சொல்லிவிட்டேன். சின்னவள் தூங்கிய பிறகு.

"என் காது எனக்குத் தெரியாதா?" என்றார். காய்ச்சல்மானியை எடுத்து வந்து அவர் முதுகுக்குப் பின்னால் பிடித்தேன். அது அடித்து ஓய்ந்தது. "ம், வையி" என்றார். வைத்தாயிற்று, அடித்தும் முடிந்தது என்றேன். திரும்பி என் கையைப் பார்த்தார். அந்த முகத்தை எழுத எனக்கு மனசு வரவில்லை.

காய்ச்சல்மானியை வாங்கி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "மண்ணோட நிறம் மாறுனா எனக்குத் தெரியும். புல்லு சாஞ்சிருந்தா தெரியும். சந்தேகம்னா தோண்டிப் பாத்துடுவேன். பன்னெண்டு வருஷமா இதத்தான செய்யிறேன்? என் வரிசையில எதுவும் இல்ல. நான் சொல்றேன்ல?"

"நீங்களே சார்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிட்டு? வீட்ல உக்காரவா?"

பிறகு அவரே பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 22

சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரே வண்டியில் போகிறோம், ஒரே வண்டியில் திரும்பி வருகிறோம்.

ஏப்ரல் 23

நகராட்சி ஆட்கள் வேலிக்கு வெளியே நின்று வரைபடத்தை விரித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊஞ்சல் எங்கே, சறுக்குமரம் எங்கே என்று. ஊஞ்சலுக்குக் கால் நட ஆழமாகத் தோண்டுவார்கள். கையைக் காட்டிய இடம் அவர் மார்ச்சில் முடித்த வரிசை.

ஏப்ரல் 24

பொறுமை சாரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, "எல்லாருக்கும் காது சோதனைன்னு பொதுவா வச்சிடுறேன்மா. நீ சொன்னதா இருக்க வேணாம்" என்றார். நல்ல மனுஷன். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நாளைக்கு என் வீட்டுக்காரர் என்னிடம் "யாரோ போட்டுக் கொடுத்துட்டாங்க" என்று புலம்பினால், நான் ஆமாம் ஆமாம் என்று காபி கலந்து கொடுப்பேனா? நான் சொன்னதாகவே இருக்கட்டும் என்றேன்.

பத்து மணிக்கே அவரைக் காது சோதனைக்குக் கூட்டிப்போனார்கள். மெல்லிய ஒலிகள் இரண்டு காதிலும் போய்விட்டன. ஒரு வருடமாகவாவது இருக்கும் என்றார்களாம். அவர் ஒரு வருடமாகத் தேடிய எல்லா வரிசைகளையும், ஒட்டியுள்ள வரிசைகளையும் இன்னொரு குழு மறுபடியும் தேடப் போகிறது. ஒப்படைப்பு தள்ளிப்போகிறது.

வண்டியில் தனியாக வந்தேன். அவர் தலையணை கூடத்தில் இருந்தது.

மே 3

பேசுவதில்லை. சின்னவள்தான் நடுவில் தபால்காரி. "அம்மாட்ட சொல்லு, எரிவாயு தீந்துடுச்சு." "அப்பாட்ட சொல்லு, தெரியும்."

மே 10

நாத்தனார் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கட்டுன புருஷனைக் காட்டிக் குடுக்க எப்படிடி மனசு வந்துச்சு? இப்ப பாதி இடம் தேடிட்டாங்களாமே. ஏதாச்சும் கெடச்சுதா?"

கிடைக்கவில்லை என்றேன். அதுதான் உண்மை. "ஒண்ணும் இல்லாததுக்கு எந்தம்பிய மூலையில உக்கார வச்சிட்டியே" என்று அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. அவர் உள்ளேயிருந்து "அக்கா, போதும்" என்றார். அவ்வளவுதான். எனக்காகச் சொன்னாரா, அழுகை தாங்காமல் சொன்னாரா, தெரியாது.

மே 21

அவருடைய வரிசைகள் எல்லாம் முடிந்துவிட்டன. ஆணி, தகரம், உடைந்த துண்டுகள். ஆபத்தானது ஒன்றுகூட இல்லை. மண்ணையும் புல்லையும் பார்த்தே ஆபத்தானவை அவ்வளவையும் எடுத்திருக்கிறார். இல்லை, அதிர்ஷ்டமா? யாருக்குத் தெரியும்.

கொட்டகையில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

இன்று சின்னவள் வந்து, "அப்பா சொல்லச் சொன்னாரு, ஒண்ணும் இல்லையாம்" என்றாள். எனக்குத் தெரியும் என்று சொல்லியனுப்பினேன். அப்புறம் கூப்பிட்டு, எனக்குச் சந்தோஷம்னு சொல்லு என்றேன். சந்தோஷம்தான். எவ்வளவு கேவலமாக இருந்தாலும் சந்தோஷம்தான்.

மே 28

மதியம் பொறுமை சார் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஒட்டியுள்ள வரிசைகளில் ஒன்றில் எடுத்திருக்கிறார்களாம். மோர்ட்டார் குண்டு. முப்பது சென்டிமீட்டர் ஆழம். முனையில் அதை வெடிக்க வைக்கும் ஃபியூஸ் அப்படியே.

"உன் வரிசைம்மா."

எந்த நாள் தேடியது என்று கேட்டேன். ஏப்ரல் பதினேழு. கேட்டிருக்கவே வேண்டாம், சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

என் காதில் ஒரு குறையும் இல்லை. அது கத்தியிருக்கும். கத்தும்போது நான் அங்கே இல்லை, இருபத்தைந்து மீட்டர் தள்ளி அவருடைய வரிசையில் இருந்தேன். சார் "யானைக்கும் அடி சறுக்கும்" என்றார். எங்கள் வேலையில் யானை சறுக்கினால் விழுவது பின்னால் வருகிற பிள்ளை, சார். சொல்லவில்லை. நாளை முதல் நான் வரிசையில் இறங்கக் கூடாது. மறுபடி பயிற்சி, மறுபடி தேர்வு. நியாயம்தான்.

வீட்டில் அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நேராகப் போய் எதிரில் நின்று, அவருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

கத்தியை வைத்தார். "எவ்ளோ ஆழம்?"

"முப்பது."

"ஃபியூஸ்?"

"இருந்துச்சு."

ஒரு மாதத்துக்கு மேல் கழித்து என்னிடம் பேசிய வார்த்தைகள் அவை. அடுத்து வருவதற்குத் தயாராக நின்றேன். எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லட்டும், வாங்கிக்கொள்கிறேன் என்று.

"நீ என்னைப் பத்திச் சொல்லலைன்னா அந்தப் பக்கம் யாரும் திரும்பப் போயிருக்க மாட்டாங்க" என்றார்.

"அன்னைக்கு உங்களையேதாங்க பாத்துட்டு இருந்தேன். சொல்றதா வேணாமான்னு."

"அப்ப மொத நாளே சொல்லியிருக்கணும்." கோபமில்லை. வேலையில் ஒருவருக்கொருவர் பிழை சொல்லிக்கொள்வோமே, அந்தக் குரல்.

அதற்குப் பிறகுதான் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்து மிச்சக் காயை நறுக்கி முடித்தார். சாப்பிட்டதும் தலையணையை உள்ளே கொண்டு வந்தார்.

ஜூன் 16

தேர்வில் தேறிவிட்டேன். அவருக்கு வேறு நிலத்தில் எல்லைக் கம்பு நடுகிற குழுவில் வேலை. காதுக்குக் கருவி வந்திருக்கிறது. இரவுச் சாப்பாட்டில் என்னையே பார்த்துவிட்டு, "நீ மெல்லுறப்ப இவ்ளோ சத்தமா வரும்?" என்றார். கழற்றி வையுங்கள் என்றேன்.

ஜூலை 25

ஒப்படைத்தாயிற்று. என்னுடைய வரிசைகள், அவருடையவை என்று மிச்சமில்லாமல் முழு நிலத்தையும் இன்னொரு குழு இரண்டாம் தடவை தேடி முடித்த பிறகு. தேடியவர்கள் குடும்பத்தோடு முதலில் நடந்து காட்ட வேண்டும். மற்ற நிலங்களில் அது படம் எடுக்கிற நேரம், சிரித்துவிட்டு வந்துவிடுவோம். இன்று எல்லைக் கயிற்றருகிலேயே நின்றுவிட்டேன்.

"நம்ம பேச்சை நம்பி யாரும் நடக்கலைல்ல. அதான் நல்லாருக்கு" என்றார் அவர். கையைப் பிடித்துக்கொண்டார். நாத்தனார்கூட வந்திருந்தாள்.

சின்னவள் எங்களைத் தாண்டி ஓடினாள். ஊஞ்சல் வரப்போகிற இடம்வரை ஓடி, அங்கே நின்று குதித்தாள். நாங்கள் இருவரும் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.