சூரை மீனில் சாகாத விஷம்

14 அக்டோபர், செவ்வாய்

கோபத்தில் சோறு இறங்கவில்லை. வெயிலில் கிடந்த சூரை மீனில் ஹிஸ்டமின் என்ற விஷம் ஏறிவிட்டது என்று கம்பெனி லேபில் பார்த்து நான்தான் கழித்தேன். சாயங்காலம் மேனேஜர் அதே மீனைத் திரேஸ்புரம் சந்தைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

“நம்மாளுக கொதிக்க வச்சுத்தானம்மா திங்காங்க. கிருமி செத்துரும்லா?”

“கிருமி சாவும் அண்ணாச்சி. அது உண்டாக்குன விஷம் சாவாது.”

“ஏற்றுமதிக்கு ஆகாதுன்னுதான எழுதிருக்க?” என்று சோதனைத் தாளில் என் கையெழுத்தையே காட்டினார். வண்டி போய்விட்டது.

அமிலப் புளிப்பில் செத்துப்போகாமல் இருக்கத்தான் பாக்டீரியா அந்த விஷத்தை உண்டாக்குகிறது. அதற்கு நம்மைத் தெரியாது. இவருக்குத் திரேஸ்புரத்தில் எல்லாரையும் தெரியும்.

தாளில் இடம் இருந்தது. தின்னவே ஆகாது என்று எழுத எனக்கு என்ன கேடு?