மேல்தளத்தில் ஒரே ஒரு அழுக்கு

பிப்ரவரி 4

இன்று முதல் எனக்கு மேல்தள வரிசை. இந்த விண்கப்பலில் பிறந்த நாளாய்க் கீழ்தளத்து வடிகட்டிகளையே கழுவிக்கொண்டிருந்தவளுக்குப் பெரிய பதவி உயர்வுதான்! ஒவ்வொரு அறையின் காற்றுக்குழாயிலும் ஒரு வடிகட்டி இருக்கும். அந்த அறையில் இருப்பவர்கள் விட்ட மூச்சு, உதிர்த்த முடி, தோல் எல்லாம் அதில்தான் படியும். எங்கள் வீட்டு வடிகட்டியைப் பிழிந்தால் கறுப்புத் தண்ணீர் கொட்டும். மேல்தளத்துடையதோ பளிச்சென்று வருகிறது. ஒரு முக்கு முக்கி எடுத்தால் போதும்.

"மேல இருக்கறவங்க சுத்தமானவங்கடி. நம்மள மாதிரியா?" என்றாள் அம்மா. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த வரிசையில் கழுவுகிறவள். ஏதோ அவள் பெற்ற பிள்ளைகள்போல அத்தனை பெருமை.

பிப்ரவரி 6

ஒன்று மட்டும் அழுக்காக வந்தது. மருந்து வாசனை வேறு. மாலுமி வீட்டுப் பையனின் அறையாம். "சீக்காளிப் புள்ள. பாத்துக் கழுவு, ஒட்டிக்கப் போவுது" என்று மேஸ்திரி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பிப்ரவரி 11

மாலுமி வீட்டுப் பையனின் வடிகட்டியை மாட்டக் குழாய்க்குள் ஏறியிருந்தேன். அறைக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு கம்பி வலை உண்டு. அதற்கு அந்தப் பக்கம் திடீரென்று ஒரு முகம்.

"யாரது?"

"வடிகட்டிக்காரிங்க ஐயா."

"ஐயாவா? எனக்கு இன்னும் மீசையே ஒழுங்கா முளைக்கல."

சிரிப்பை இருமலாக்கிச் சமாளித்தேன். அவன் மூச்சு வலை வழியாகச் சூடாக என் முகத்தில் பட்டது. வலையில் ஊன்றியிருந்த என் விரலைத் தொட்டுப் பார்த்து, "ஏன் இவ்ளோ ஈரம்?" என்றான். கழுவுகிற கை வேறு எப்படி இருக்கும்? இறங்குவதற்குள் எனக்கு 'ஈரக்கை' என்று பெயர் வைத்துவிட்டான். நானும் விடவில்லை. அவன் 'அழுக்கு'.

பிப்ரவரி 19

தினமும் பேசுகிறோம். அவன் வீட்டுக் கூடத்தில் எந்நேரமும் பாட்டும் சிரிப்பும். இன்று கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டேன். அத்தனை பேரில் ஒருவர்கூட இருமவில்லை, தும்மவில்லை. பாடுகிறவர் நடுவில் மூச்சு எடுக்கவே இல்லை.

"அவங்க ஆரோக்கியமானவங்க" என்றான் அழுக்கு. "எனக்குத்தான் வியாதி. நான் ஊதினா கண்ணாடி மங்குது. எங்க வீட்ல வேற யாருக்கும் அப்படி ஆகாது."

கிண்டல் செய்கிறான் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 20

மூச்சே விடாதவர்கள் வடிகட்டி எப்படிம்மா இருக்கும் என்று கேட்டேன். "பைத்தியமாடி உனக்கு?" என்றாள். ஆனால் அவள் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது.

பிப்ரவரி 23

எங்கள் வீட்டு ஸ்பூன் ஒன்றைப் பளபளவென்று தேய்த்து வலை வழியாகக் கொடுத்தேன். "உங்கம்மா தூங்கறப்போ மூக்குக்குக் கீழ பிடிச்சுப் பாரு."

"எங்கம்மா தூங்கி நான் பாத்ததே இல்லையே" என்றான், அது ஒரு விஷயமே இல்லை என்பதுபோல.

சரி, சும்மா உட்கார்ந்திருக்கும்போது பிடி என்றேன்.

பிப்ரவரி 25

ஸ்பூன் மங்கவில்லை. அவன் அம்மா அசையாமல் சிரித்துக்கொண்டே இருந்தாராம். "ஈரக்கை, எனக்கு பயமா இருக்கு" என்றான்.

மார்ச் 2 அவனுக்குப் பிறந்தநாள். அன்று சிகிச்சையாம். அந்த வீட்டில் எல்லோருக்கும் அந்த வயதில் செய்ததுதானாம். குணமானால் அப்புறம் மூச்சே தேவைப்படாதாம்!

ஐயோ, இவனை எனக்குப் பிடித்திருக்கிறதே. எழுதியாகிவிட்டது, போகட்டும்.

கீழே வந்துவிடு என்றேன். "அங்க என்னை யாரு சேத்துப்பாங்க?" என்றான். "அங்க நாங்க எல்லாருமே அழுக்குதான், வா" என்றேன். வலையின் திருகுகளைக் கழற்றி வைத்துவிட்டேன். வழியும் சொன்னேன் — குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் சூடான காற்று வரும் பக்கம் திரும்பு. அது சலவைக்கூடம். அங்கே நிற்பேன். குளிர்ந்த பக்கம் போகாதே, அது பழைய துணி அறை, பூட்டியே கிடக்கும்.

மார்ச் 2

வரவில்லை.

அடி முட்டாளே! மேலே விசேஷம் என்றால் கீழே எல்லோருக்கும் விடுமுறை. சலவைக்கூடத்துக் கொதிகலனையும் அணைத்துவிடுவார்கள். சின்ன வயதிலிருந்து அந்த விடுமுறைக்குத் துள்ளிக் குதித்தவளுக்கு எப்படி மறந்தது? இரண்டு பக்கமும் ஒரே குளிர். எந்தப் பக்கம் திரும்புவான்? குழாய்க்குள் தலையை விட்டுக் கத்தினேன். மேலிருந்து கைதட்டல் கேட்டது. துணி அறைப் பக்கம் ஓடுவதற்குள் மேஸ்திரி பார்த்துவிட்டார். "லீவு நாள்ல இங்க என்ன வேல?" என்று துரத்திவிட்டார்.

மார்ச் 3

அவன் வடிகட்டி சுத்தமாக வந்தது.

மாட்டப் போனேன். நான் கழற்றி வைத்த திருகுகளை யாரோ முறுக்கியிருந்தார்கள். வலைக்குப் பின்னால் இருட்டு. அவன் குரல்தான் பேசியது. "குணமாயிடுச்சு. ரொம்ப நிம்மதியா இருக்கு. நீங்களும் மேல வாங்க."

நீங்களாம்! ஒரு தடவைகூட ஈரக்கை என்று கூப்பிடவில்லை. முகத்தை வலையோடு ஒட்டிவைத்துக் காத்திருந்தேன். சூடாக எதுவும் படவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. அழுகிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 4

அம்மா ஒரு வடிகட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பழைய துணி அறையுடையது. ஆள் இல்லாத அறை, அதைக் கழுவ வேண்டி வந்ததே இல்லை. பிழிந்தேன். கறுப்புத் தண்ணீர். மருந்து வாசனை.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் பக்கத்தில் மேல்தளத்து வடிகட்டிகள் பளிச்சென்று அடுக்கியிருந்தன. ஒன்றைக்கூட அவள் தண்ணீரில் போடவில்லை.

"இத்தன வருஷமா சுத்தம்னுல்ல நெனச்சேன்" என்றாள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து என் கையில் திணித்தாள். "தண்ணியும் ரொட்டியும் எடுத்துட்டுப் போ. சத்தம் போட்டுக் கூப்பிடாத, மேல கேக்கும்."

போகும் வழியெல்லாம் குழாயிலிருந்து அவன் குரல் வந்துகொண்டிருந்தது. மேலே வாங்க, மேலே வாங்க என்று, நடுவில் நிறுத்தாமல்.

பூட்டைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வாயைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றேன். யாரோ என் விரலைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு முகத்தில் சூடாக மூச்சு பட்டது.