லேத் சாய்ந்த அன்று

இன்று காலை கோலா தெர்லாவிலிருந்து வந்த லோரிக்காரர், துளையிடும் இயந்திரத்தை உருட்டி ஏற்ற இரும்புக் குழாய்களைத் தரையில் பரப்பினார். குழாய் சிமெண்டில் உருளும் சத்தம் கேட்டதும் நான் பட்டறையை விட்டு வெளியே வந்துவிட்டேன், மச்சான். உள்ளே நிற்க முடியவில்லை.

நம் தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய லேத்தை இதே மாதிரி குழாய்மேல் உருட்டிப் புதுக் கொட்டகைக்கு மாற்றிய அன்று நீ எதிலும் குறை வைக்கவில்லை. அசையும் பாகங்களையெல்லாம் பூட்டினாய். "சாஞ்சா யாராலயும் பிடிக்க முடியாது லா, தள்ளி நில்லுங்க" என்று எங்களை விலக்கினாய். வாசலில் சிமெண்டுக்கு அடியில் மழை மண்ணை அரித்திருந்தது மேலே தெரியவில்லை. குழாயை மாற்ற நீ குனிந்தபோது தரை இறங்கியது. லேத் சாய்ந்து உன்னை இடுப்போடு சுவரில் அழுத்தியது.

எல்லாரும் ஓடிவந்து தள்ளப் போனோம். நீதான் கத்தினாய்.

"தொடாதீங்கடா! தள்ளினா திரும்பி என் மேலயே வரும். ஜாக்கி கொண்டா."

ஜாக்கியை நான்தான் ஏற்றினேன். கொஞ்சம் ஏற்று, கட்டை வை, மறுபடி ஏற்று. உன் உதடு வெளுத்துக்கொண்டே போனது. ஆனாலும் அதைவிட வேகமாக நான் ஏற்றக் கூடாது.

"எவ்வளவு ஏறிச்சு?"

"ஒரு விரல் இருக்கும் மச்சான்."

"கட்டை வச்சியா? அவசரப்படாத."

உன்னை வெளியே எடுத்து வேனில் கிடத்தியபோது நீ பேசிக்கொண்டுதான் இருந்தாய். தானா ராத்தா போகும் வளைவுகளில் ஒவ்வொரு காய்கறி லோரிக்கும் ஒதுங்கி நின்றோம். "வேற யாருக்கும் அடியில்லையே?" என்று கேட்டாய். இல்லை என்றேன். அதன் பிறகு நீ எதுவும் கேட்கவில்லை. வயிற்றுக்குள் ரத்தம் நிறையப் போயிருந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது உன் மனைவி மறுபடியும் கேட்டாள்.

"வேகமா தூக்கியிருந்தா பிழைச்சிருப்பாராண்ணே?"

"வேகமா தூக்கியிருந்தா அங்கேயே போயிருப்பான்மா."

அது எனக்குத் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அடுத்த முறையும் கேட்பாள். என்னிடம் இருப்பது அந்த ஒரு பதில்தான், மச்சான். அதையேதான் சொல்வேன்.