ஒரு சாண் தள்ளி விழுந்த அடி

ஏங்க,

சோறு குக்கரில் இருக்கிறது, குழம்பை மட்டும் சுட வைத்துக்கொள்ளுங்கள். என் சாவியை மாடி வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் சம்மட்டி அடுப்படியில் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. கனமாக எதையும் நான் தூக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கட்டடம் இடிக்கிற கைங்க இது, ஒரு நூல் தப்பாது. கோபத்துலயும் அவ தலைக்கு ஒரு சாண் தள்ளித்தான் அடிச்சேன். ஒரு கீறல் உண்டா?" என்று ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொன்னீர்கள். உண்மைதான். காதோரம் சுவர் வெடித்தது, செங்கல் தூள் வாய்க்குள் போனது, கீறல் இல்லை. அப்புறம்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தேன்.

ரத்தக் குழாயில் அடைப்பே இல்லையாம். மூளை மிரண்டுபோய் அள்ளிக் கொட்டவைத்த ஹார்மோன் சுரப்பில் இதயம் திகைத்து, பாதி துடிக்காமல் நின்றுவிட்டதாம். நீங்கள் வெளியே போனபின் டாக்டர் சொன்னார்: "மூளைக்கு அந்த ஒரு சாண் கணக்கெல்லாம் தெரியாதும்மா."

நான்கு மணிக்குக் கொத்தனார் வருவார். ஓட்டையைக் காட்டுங்கள்.

பி.கு.: பாப்பா என்னோடு இருக்கிறாள். இதயம் சில வாரத்தில் தானாகத் தேறிவிடுமாம், வீடு அமைதியாக இருந்தால். அதனால்தான் அந்த வீட்டில் நாங்கள் இல்லை.

இன்னொன்று. நான் மிரண்டது என் தலைக்காக இல்லை. அந்தச் சுவருக்கு மறுபக்கம் சாய்ந்து உட்கார்ந்துதான் பாப்பா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் தலை எத்தனை சாண் தள்ளி இருந்தது, சொல்லுங்கள்?