வராத விருந்தினருக்கு வரவேற்புரை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் கைகால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மருமகளும் குட்டியும் அங்கே எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய், காகிதம் என்றால் எரிச்சலோடு மடித்து வைத்தாலும் கோபம் தணிந்தபின் மறுபடி எடுத்துப் பார்க்கலாம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, காதுதான் மோசம். நீ அனுப்பிய காது மிஷினைச் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டு சுற்றுகிறார், காதில் மாட்டிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால் "மாட்டினா நீ பேசறது எல்லாம் கேக்குதே" என்கிறார். அக்காவுக்கு ஆபீசில் மாற்றல் வரும்போல் இருக்கிறது, அந்தக் கவலையில் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது, ஆள் வந்து சரிசெய்தார், இப்போது ஒழுகவில்லை, தண்ணீரும் வரவில்லை. மருமகளின் முதுகுவலி எப்படி இருக்கிறது? குனிந்து கனமாக எதையும் தூக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல், சொல்வதோடு நில்லாமல் நீ தூக்கிக்கொடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ பேசும்போது, குட்டியின் பள்ளியில் அவளை வகுப்புக்குப் பக்கத்து அறையில் தனிக் குழுவில் உட்கார வைக்கச் சம்மதம் கேட்டார்கள் என்றும், "என் பொண்ணை மந்தமான பசங்களோட சேர்க்கப் பாக்கறாங்கம்மா, முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டு வந்துட்டேன்" என்றும் ஏதோ சண்டையில் ஜெயித்தவன் மாதிரி சொன்னாய். இத்தனை வருஷமாக அந்த மாதிரிப் பிள்ளைகளோடுதான் அம்மா வேலை பார்க்கிறாள் என்பது அந்த நேரத்தில் உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது, பரவாயில்லை. எங்கள் பள்ளியில் இதை மூன்று படி என்போம். முதல் படி எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான வகுப்பு. அவ்வப்போது ஒரு சின்னச் சோதனை வைப்போம், மார்க்குக்காக இல்லை, யாருக்கு எங்கே வழுக்குகிறது என்று பார்க்கத்தான். வழுக்குகிற நாலைந்து பேரை வாரத்தில் சில நாள் நூலகத்தை ஒட்டிய அறையில் அரைமணி நேரம் இன்னொரு ஆசிரியை தனியாகக் கவனிப்பார், அது இரண்டாம் படி. அதிலும் பிடிபடாத பிள்ளை மூன்றாம் படிக்கு என்னிடம் வரும், ஒரு பிள்ளை, ஒரு மேஜை, நான். முன்பு பந்தும் வலையும் போட்டு வைத்திருந்த அறைதான் என் அறை, இன்னும் ரப்பர் வாசனை போகவில்லை. "படிக்கிறதுக்கே படி கட்டிட்டீங்களா" என்று அப்பா கேலி செய்வார். இரண்டாம் படிக்குப் போன பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் சில மாதத்தில் வகுப்புக்கே திரும்பிவிடுவார்கள், அடுத்த வருஷம் யார் போனார்கள் என்பதுகூட யாருக்கும் நினைவிருக்காது. உன் மகளுக்குக் கேட்டதும் இந்த இரண்டாம் படியைத்தான்.

உன்னோடு படித்த நெட்டையை உனக்கு நினைவிருக்கும், நம் வீட்டு வாசல்படியில் தலையை இடித்துக்கொண்டே உள்ளே வருவானே, அவன்தான். இப்போது கடைத்தெரு முனையில் மருந்துக்கடை வைத்திருக்கிறான், நல்ல வியாபாரம், நல்ல பெயர். அவனுக்கு ஒரே மகள், எங்கள் பள்ளியில்தான் மூன்றாம் வகுப்பு. கண் இரண்டும் துறுதுறுவென்று இருக்கும், வகுப்பில் யார் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே பேசிக் காட்டுவாள், தலைமையாசிரியை மாதிரி இருமிக் காட்டி அவரையே சிரிக்க வைத்தவள். போன வருஷம் அவளுக்கு எழுத்து கூடவில்லை, எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை என்று வகுப்பாசிரியை கண்டுபிடித்து, இரண்டாம் படிக்கு அனுப்பலாம் என்று நெட்டையைக் கூப்பிட்டுப் பேசினார். நானும் அங்கே இருந்தேன். அவன் உட்காரக்கூட இல்லை. "எங்க கடைக்கு வர்றவங்க பாதிப் பேர் இந்த ஸ்கூல் பிள்ளைங்களைப் பெத்தவங்கதான் மேடம். நாளைக்கு ஒருத்தர் மாத்திரை வாங்கிட்டே, உங்க பொண்ணு அந்த ரூமாமேன்னு கேட்டா நான் மூஞ்சியை எங்க வச்சுக்கறது" என்றான். என் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்களே சொல்லுங்க, எங்க வீட்ல யாரு படிக்காதவங்க" என்றான். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, காய்ச்சலுக்கு நீ மருந்து கொடுப்பதில்லையா என்று கேட்டுப் பார்த்தேன். "காய்ச்சல் வந்தா ஊரைக் கூட்டிச் சொல்ல மாட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடாமல் போய்விட்டான். பெற்றவர் சம்மதம் இல்லாமல் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு கல்லூரிப் பையனை ட்யூஷனுக்கு வைத்தான். அவன் பாடத்தை வாய்விட்டு வாசிப்பான், இவள் திருப்பிச் சொல்வாள், இதுதான் ட்யூஷன். அவளுக்கோ பாம்புக் காது. இரண்டு தடவை கேட்டால் முழுப் பாடமும் வாயில் வந்துவிடும், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை ஏற்ற வேண்டும் எல்லாம் சேர்த்து. வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே சொல்வாள், பார்ப்பவர்களுக்கு வாசிக்கிற மாதிரியே இருக்கும். நெட்டை அதை போனில் படம் பிடித்துக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினான். வகுப்பாசிரியை புதுச் சொல்லாக நாலு எழுதிக் காட்டியபோது ஒன்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லியனுப்பினால் "அந்த டீச்சருக்கு எங்க மேல என்ன கோபமோ" என்றானாம். அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆண்டு விழா வந்தது. பெற்றோர் சங்கத்தில் அவனுக்குக் கொஞ்சம் செல்வாக்கு, அந்தப் படத்தைத் தலைமையாசிரியையிடம் காட்டி, வரவேற்புரையை என் மகள்தான் வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிவிட்டான். விருந்தினராக வரவிருந்தவர் ஒரு கண் டாக்டர். அவரைப் புகழ்ந்து எழுதிய உரையைக் கொடுத்ததும் ட்யூஷன் பையன் உட்கார்ந்து அவளுக்கு உருவேற்றிவிட்டான், தும்மல் வருகிற மாதிரி தானாக வந்தது அந்தப் பிள்ளைக்கு.

விழா அன்றைக்கு டாக்டருக்கு ஏதோ அவசர ஆபரேஷன், வர முடியவில்லை. அவசரமாகத் தீயணைப்பு நிலைய அதிகாரியைக் கெஞ்சி அழைத்துவந்தார்கள், அவரும் சீருடையோடு வந்து மேடையில் உட்கார்ந்தார். உரையை மாற்றி எழுதி, அவள் மேடை ஏறும்போது கையில் திணித்தார்கள், அந்தக் கூச்சலில் யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை, வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குச் சொல்ல என்ன இருக்கிறது. அவள் மைக் முன்னால் நின்று காகிதத்தைப் பிரித்து, விரலை வைத்து, கணீரென்று, எத்தனையோ கண்களுக்கு ஒளி தந்த டாக்டர் அவர்களே வருக வருக என்றாள். முதலில் சின்னதாக ஒரு சிரிப்பு. அவளுக்கு அது பாராட்டாகத் தோன்றியிருக்க வேண்டும், இன்னும் உற்சாகமாக, உங்கள் கத்தி பட்டால் வலியே தெரியாது என்ற வரியைச் சொன்னாள். மண்டபமே சிரித்தது. தீயணைப்பு அதிகாரி, பாவம் நல்ல மனிதர், சிரிக்காமல் தொப்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அவள் நிறுத்தினாள். காகிதத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். அப்போதுதான் முன்வரிசையிலிருந்து நெட்டை எழுந்தான். போய்த் தூக்கிக்கொள்வான் என்றுதான் நான் நினைத்தேன். மேடையின் ஓரம்வரை போய் நின்று, "அதுல என்ன எழுதியிருக்கோ அதைப் படி" என்றான். அவள் அசையவில்லை. "படின்னு சொல்றேன்ல, எல்லாரும் பாக்கறாங்க, படி" என்றான். மைக்கில் அதுவும் கேட்டது. அவள் நின்ற இடம் நனைந்ததை முதலில் பார்த்தது அவள் அம்மா, ஓடிவந்து தன் துப்பட்டாவால் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பள்ளியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டிலும் அம்மாவோடு மட்டும்தான், அதுவும் காதோடு. நெட்டை அந்த வாரமே வந்து, எங்கே போட வேண்டும் என்றுகூடக் கேட்காமல், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான். இரண்டாம் படி போதாது என்று ஆகிவிட்டது, நேரே என்னிடம் வந்தாள். மர எழுத்துகளை எடுத்துக் கையில் கொடுத்தேன், தடவிப் பார்ப்பாள். ஒரு சொல்லை வைத்து மூன்று படங்களைப் பரப்பினால், முதலில் எல்லாவற்றையும் கலைத்துவிடுவாள், போகப் போகச் சரியான படத்தைத் தொட ஆரம்பித்தாள். கை படித்தது, கண் படித்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. நானும் பாட்டுப் பாடிப் பார்த்தேன், தப்புத் தப்பாக வாசித்துப் பார்த்தேன், தலைமையாசிரியை மாதிரி இருமியும் பார்த்தேன். சிரிப்பு வரும்போல் உதடு கோணும், உடனே இறுக்கி மூடிக்கொள்வாள். நெட்டை கடையை ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு என் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், கால் நீளம் என்பதால் நடைபாதையில் போகிற பிள்ளைகள் எல்லாம் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். போன வருஷம் இரண்டாம் படியில் இருந்த ஒரு வாயாடிப் பெண் இப்போது காலைக் கூட்டத்தில் தினச் செய்தி வாசிக்கிறாள். அவள் வாசிக்கும்போது ஒருநாள் நெட்டை தலையைத் தூக்கி, "அன்னைக்கே அந்த நாலு பேரோட உக்கார விட்டிருந்தா..." என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. நான் அவன் முதுகில் கை வைத்தேன், சின்ன வயதில் தலையை இடித்துக்கொண்டு வரும்போது தடவிவிடுவேனே, அப்படி.

வகுப்புப் பிள்ளைகள் விடவில்லை. நடைபாதையில் அவள் போனால் டாக்டர் அவர்களே வருக வருக என்று மெல்லிய குரலில் ஒன்று சொல்லும், இன்னொன்று சிரிக்கும். கண்டித்தோம், தண்டித்தோம், குழந்தைகளை எத்தனை தூரம் கட்டுப்படுத்த முடியும். கடைசியில் அவள் அம்மா, யாருக்கும் இந்தக் கதை தெரியாத ஊருக்குப் போகிறேன் என்று தன் அண்ணன் வீட்டுக்குப் பிள்ளையை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அங்கே பள்ளி இருக்கிறது, படிகள் இல்லை, ஒரே வகுப்பு, அறுபது பிள்ளைகள். அந்தத் தலைமையாசிரியருக்கு நானே விவரமாக எழுதினேன், பதில் இல்லை. போன வெள்ளிக்கிழமை கடைசி நாள். மர எழுத்துகளை யாரும் சொல்லாமலே அவளே பெட்டியில் அடுக்கினாள், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒன்றுகூட இடம் மாறாமல், அத்தனையும் தெரிந்திருந்தது அவளுக்கு. போய்வருகிறேன் என்றாவது சொல்வாள் என்று நின்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். நெட்டை இப்போது தனியாகத்தான் இருக்கிறான், அப்பா சாயங்காலம் போய் அவனோடு உட்கார்ந்துவிட்டு வருகிறார், இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லையாம், அங்கே மட்டும் காது மிஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவன் ஏதாவது சொன்னால் கேட்க வேண்டுமே என்று.

உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை கண்ணா. நீ நெட்டை மாதிரி மேடை ஓரத்தில் போய் நிற்கிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் அவனும் அப்படிப்பட்டவன் இல்லை, மகள்மேல் உயிரையே வைத்திருந்தவன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் குட்டி எனக்குக் கதை வாசித்துக் காட்டினாளே, நீ பின்னால் நின்று பூரித்துப்போய் இருந்தாய். நடுவில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே திரும்பியது, உனக்குத் தெரிந்திருக்காது. கதை மட்டும் ஒரு வரிகூட விடாமல் போய்க்கொண்டிருந்தது. நான் நன்றாக இருக்கிறது என்று சொல்லி முத்தம் கொடுத்தேன், வேறென்ன செய்ய. இதைப் படித்ததும் அவளைக் கூப்பிட்டு நிறுத்திச் சோதித்துப் பார்க்காதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். கோபம் வந்தால் என்மேல் கோபப்படு. எழுத்து கூடாததற்கும் புத்திக்கும் சம்பந்தமில்லை, அவள் பள்ளியில் சீக்கிரமே கண்டுபிடித்திருக்கிறார்கள், அது அவள் அதிர்ஷ்டம்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டு நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவுக்கு வேறு வேண்டுதல் இல்லை. அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் பள்ளிக்குப் போய், முடியாது என்று சொன்ன அதே ஆளிடம் சம்மதம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வா, மறந்துவிடாதே. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அன்றைக்கு வீடியோவில் பேசும்போது யாரோ மணி அடித்தார்கள் என்று நீ கதவைத் திறக்கப் போனாய். அந்த நேரத்தில் குட்டி போனை வாயருகே கொண்டுவந்து, "பாட்டி, உங்க ரூம்ல எனக்கு ஒரு இடம் இருக்குமா? அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்று கேட்டாள். என் அறைக்கு அவள் விமானம் ஏறித்தான் வர வேண்டும். அவள் பள்ளியில் இருக்கிற அறை, அவள் வகுப்புக்குப் பக்கத்து அறை.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா