நோய்க்கூரை எழுத்துகள்

லோங்ஷி, பன்னிரண்டாம் மாதம், ஏழாம் நாள்

அன்புள்ள யின்ஹுவா அக்காவுக்கு,

தங்கை ஷுச்சின் எழுதுவது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. இங்கே மூன்று நாளாகப் பனி.

அம்மாவுக்கு வயிற்றுப்புண் என்று அப்பா உனக்கு எழுதியிருப்பார். அது வயிற்றுப்புண் இல்லை. அம்மாவிடமும் உன்னிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். தெரிந்தால் அம்மா சாப்பாட்டை விட்டுவிடுவாள், நீ வேலையை விட்டுவிடுவாய் என்றார்.

இந்தக் குளிர்காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களுக்குப் பிள்ளைகளே சொல்லித்தர வேண்டும் என்று பள்ளியில் உத்தரவு. நான் சீன எழுத்தின் உறுப்புகளிலிருந்து தொடங்கினேன். பக்கத்தில் மூன்று துளி இருந்தால் தண்ணீர் சம்பந்தப்பட்டது. மேலே கூரை, அதன் இடப்பக்கம் இரண்டு புள்ளி என்றால் உள்ளே இருப்பது நோய். அம்மா சட்டென்று பிடித்துக்கொண்டாள். "டீச்சரம்மா, அடிக்காம சொல்லிக்குடு" என்று கேலி செய்வாள். அவளைப் பற்றி வகுப்பில் பீற்றிக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை பெரிய மருத்துவமனையில் அப்பா சீட்டு வாங்கப் போயிருந்தார். அம்மா எதிரே இருந்த கதவுப் பலகையைக் காட்டி, "இதுல நோய்க்கூரை இருக்கு பாரு. உள்ள என்ன எழுதியிருக்கு?" என்றாள். தானாகவே கண்டுபிடித்துவிட்டாளே என்ற பூரிப்பில் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன். 'புற்றுநோய்ப் பிரிவு.' படித்து முடித்த பிறகுதான், நாங்கள் காத்திருப்பதே அந்தக் கதவு திறக்கத்தான் என்பது எனக்கு உறைத்தது.

அம்மா அந்தப் பலகையை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு, "சரியாத்தான் படிக்கிற. எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லிடாத. பாவம், வயித்துப்புண்ணு வயித்துப்புண்ணுன்னு தினமும் நடிச்சுக்கிட்டு இருக்காரு" என்றாள்.

இப்போது இருவருக்காகவும் நான் பொய் சொல்கிறேன், அக்கா. சாப்பிடும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யாராவது என்னைத் திட்டினால் தேவலை. யாரும் திட்டவில்லை.

நேற்று அம்மா, "அந்தக் கூரைக்கு அடியில நல்ல எழுத்து ஒண்ணுகூட கிடையாதா?" என்று கேட்டாள். அகராதியில் தேடினேன். குணமாவதைக் குறிக்கும் எழுத்தும் அதே கூரையின் கீழ்தான் இருக்கிறது. காட்டினேன். "நீயா கட்டிவிடுறியா?" என்று என் முகத்தையே பார்த்தாள். நிஜமாகவே இருக்கிறது, அக்கா. நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

வசந்த விழாவரை காத்திருக்காமல் வந்துவிடு. வயிற்றுப்புண் என்று கேள்விப்பட்டுத்தான் வந்ததாக இருவரிடமும் சொல். வந்து, அந்த எழுத்தை நீ அம்மாவுக்குப் படித்துக் காட்டு. நீ படித்தால் நம்புவாள்.

உன் முகம் பார்க்கக் கூசும்,
தங்கை ஷுச்சின்